இதயம் மறைத்த ரன் அவுட்

அந்தத் தொப்பியைத் தட்டாதீங்க டீச்சர், மாவு கொட்டும். ஆணியிலேயே இருக்கட்டும். கரண்ட் இப்போதைக்கு வராது. லைன்மேன் டிரான்ஸ்பார்மர் மேல் ஏறி நிற்கிறான், இங்கிருந்தே தெரியுது பாருங்க, ஒரு கையில் போன், ஒரு கையில் கட்டிங் பிளேயர். உங்கள் மிளகாய் டப்பா எங்கேயும் ஓடிப் போகாது. அந்தத் தவிட்டு மூட்டை மேல் உட்காருங்க, மெத்தை மாதிரி இருக்கும்.

தொப்பி எதற்கு என்று கேட்டீங்களே. அது அம்பயர் தொப்பி. இந்த ஊருக்கு நான்தான் அம்பயர். சிரிங்க, பரவாயில்லை, ஊருக்குப் புதுசாக வருகிற எல்லாரும் சிரிக்கிறார்கள். மாவு மில்காரன் எப்படி அம்பயர் ஆனான் என்றுதானே? அந்தக் காலத்தில் எங்கள் பையன்கள் பொங்கலுக்கு டென்னிஸ் பால் போட்டி நடத்தினார்கள். அம்பயர் என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று எவனோ சொல்லிவிட்டான். ஊர் பூராத் தேடியிருக்கிறார்கள். காலையிலிருந்து சாயந்திரம் வரைக்கும் வெள்ளையாக இருந்த ஆள் நான் ஒருத்தன்தான். சட்டை, மீசை, கண்ணிமை எல்லாம் வெள்ளை. "சங்கரபாண்டி அண்ணாச்சி, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் எனக்கு அஞ்சாவதோடு சரி. ஆனால் ஆட்டத்தின் சட்டமெல்லாம் அத்துப்படி. எல்.பி.டபிள்யூ மட்டும் எங்கள் ஊரில் கிடையாது. அதைக் கொடுத்தால் மண்டை உடையும் என்று முதல் வருஷமே எடுத்துவிட்டோம். மற்றதுக்கெல்லாம் என் காது போதும். ஆமாம், காதுதான். கண்ணை நம்பி அம்பயர் வேலை பார்க்கிறவன் பாதி அம்பயர். பேட்டில் பந்து லேசாகச் சீண்டினால் ஒரு சத்தம், கால் சட்டையில் உரசினால் ஒரு சத்தம். இந்த மெஷின் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷமாக நிற்கிற காது டீச்சர் இது. உள்ளே ஓடுவது கோதுமையா கேழ்வரகா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரி வடிவு கூப்பிட்டால் மட்டும் சில நேரம் விழாது. அது வேற விஷயம்.

இப்போது வடிவின் தம்பிக்கு வருவோம். வெயிலுமுத்து என்று பேர். என் மச்சினன். எவரெஸ்ட் கிரிக்கெட் கிளப் என்று எங்கள் ஊர் டீமுக்கு அவன்தான் கேப்டன். அவனை மாதிரி ஒரு ஆள் கிடையாது டீச்சர். பந்தை அடித்தால் ஓடைக்கு அந்தப் பக்கம்தான் போய்த் தேட வேண்டும். தலைமுடி என்ன, நடை என்ன, கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது என் இலையில் கறியை அவன்தான் அள்ளி அள்ளி வைத்தான். அப்படிப்பட்டவன் என்னோடு பத்தொன்பது வருஷம் பேசவில்லை. ஒரு ரன் அவுட்டுக்கு.

பைனல் மேட்ச். எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும். கிரவுண்டு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால்தான், அந்தப் பக்கம் போனால் இப்பவும் பார்க்கலாம். கடைசிப் பந்து, ரெண்டு ரன் வேண்டும். வெயிலுமுத்து தட்டிவிட்டு ஓடினான். ஒரு ரன் எடுத்தாச்சு, ரெண்டாவதுக்குத் திரும்பி வருகிறான். பந்தும் வருகிறது. கீப்பர் ஸ்டம்பை உடைத்தான். இவனும் விழுந்து பேட்டை நீட்டினான். நான் லெக் பக்கம் நின்ற அம்பயர். விரலைத் தூக்கிவிட்டேன். அவ்வளவுதான். ஸ்கோர் சமம், சமமானால் போன வருஷம் ஜெயித்தவர்களுக்கே என்பது எங்கள் சட்டம், கப்பு பக்கத்து ஊருக்குப் போய்விட்டது.

"அத்தான், நல்லா பாத்தியளா?" என்றான்.

"பாத்தேன் மாப்ள. அவுட்டு."

"ஒரு முழம் உள்ள வந்துட்டேன் அத்தான்."

"கையைத் தூக்கியாச்சு. எறக்க முடியாது."

பேட்டைத் தோளில் வைத்துக்கொண்டு போனவன்தான். வடிவுக்குப் பொங்கல் சீரை ஒரு வருஷம்கூட நிறுத்தவில்லை, யாரிடமாவது கொடுத்துவிடுவான். என் வாசப்படி மட்டும் மிதிக்க மாட்டான். மாவு அரைக்கச் சைக்கிளில் கழுகுமலைக்குப் போவான் டீச்சர். அத்தான் மில் இங்கே நாலு எட்டில் இருக்கும்போது அரிசியைக் கட்டிக்கொண்டு கழுகுமலைக்கு.

அப்புறம் டி.வி.யில் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. அம்பயருக்குச் சந்தேகம் வந்தால் ரெண்டு விரலால் காற்றில் ஒரு பெட்டி வரைவார். உள்ளே ஒருத்தர் உட்கார்ந்து, நடந்ததைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துச் சொல்வார். எனக்கு அதில் இஷ்டமில்லை. கையைத் தூக்கினால் தூக்கினதுதான். இட்லி வெந்த பிறகு மாவுக்குத் திருப்ப முடியுமா? ஆனால் வெயிலுமுத்து அதைப் பிடித்துக்கொண்டான். பேச்சுதானே கிடையாது, என்னை எங்கே பார்த்தாலும் பெட்டி வரைந்தான். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பான், திரும்பிப் பார்ப்பான், பெட்டி வரைவான். தேரோட்டத்தில் அந்தப் பக்கம் அவன் வடத்தைப் பிடித்திருப்பான், இந்தப் பக்கம் நான். ஒரு நிமிஷம் வடத்தை விட்டுவிட்டுப் பெட்டி. நானும் விடுவேனா? விரலைத் தூக்கிக் காட்டுவேன். எங்கள் பெரிய மாமனார் சாவில், பாடையை எடுத்துக்கொண்டு போகிறோம், எதிர்த் தோள் கொடுத்தவன் ஒரு கையால் பாதிப் பெட்டி வரைந்தான். நானும் ஒரு விரலை லேசாக அசைத்தேன். பின்னால் வந்தவர்கள் இறந்தவருக்கு நாங்கள் ஏதோ முத்திரை காட்டுகிறோம் என்று அவர்களும் காட்டினார்கள்.

இது இப்படியே போயிருக்கும். என் மகள் கோமதிக்குக் கல்யாணம் கூடி வந்தது, அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் பெண்ணுக்குக் கல்யாணம். கோமதிக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் இவன்தான். ராஜபாளையத்துச் சம்பந்தி வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வியே, "பொண்ணோட மாமன் எங்க?" வடிவு காப்பி எடுக்கப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டாள். நான் லைன்மேனைப் பார்க்கிற மாதிரி வெளியே பார்த்தேன்.

அவர்கள் போனதும் கோமதி சொன்னாள்: "அப்பா, மாமா மாலை போடாம நான் மணவறைக்கு வரமாட்டேன். சும்மா சொல்லுதேன்னு நினைக்காதீங்க."

மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பிள்ளை. அளந்துதான் பேசும். பேசினால் அதுதான். அவளே மாமன் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அவன் என்ன சொல்லியிருக்கிறான் தெரியுமா? "உங்கப்பா நாட் அவுட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், பல்லக்கே கொண்டுட்டு வாரேன்."

"தூக்கின கையை எறக்கினா நான் அம்பயரா?" என்றேன்.

"அப்ப நீங்க அம்பயராவே இருங்க. எனக்குக் கல்யாணம் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுக் கோமதி வேலைக்குப் போய்விட்டாள். வடிவு அன்றைக்கு எனக்குச் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றவில்லை.

அந்த நேரத்தில் ஸ்டுடியோ தங்கராஜ் கல்யாண வீடியோ பற்றிப் பேச வந்தான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் முப்பது வருஷமாக அவன்தான் எல்லாக் கல்யாணத்துக்கும் வீடியோ. என்னைப் பார்த்ததும், "அண்ணாச்சி, நீங்க ஏங்கிட்ட கேசட்டுல இருக்கியளே," என்றான். எனக்கு விளங்கவில்லை. அப்புறம் சொன்னான். அந்த பைனல் அன்றைக்கு மண்டபத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது, மண்டபத்தை முழுசாக ஒரு படம் எடுக்கலாம் என்று இவன் கிரவுண்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றிருக்கிறான். அவனுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் எங்கள் மேட்ச். கடைசிப் பந்து அப்படியே பதிவாகியிருக்கிறது.

கோமதி அந்தச் சேதியைக் கேட்டதும் ஓடினாள். மாமனிடமும் என்னிடமும் ஒரே மாதிரி ஒப்பந்தம். "எல்லாரும் உக்காந்து பாப்போம். அவுட்டுன்னா மாமா மாலையோட வரணும். அவுட் இல்லன்னா அப்பா எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லணும், மாமா மாலையோட வரணும்." நான் சரி என்றேன். அவனும் சரி என்றான். ரெண்டு பக்கமும் மாலை வந்ததை நாங்கள் ரெண்டு ஆம்பளைகளும் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கராஜ் ஸ்டுடியோ. பத்துப் பேர் நிற்கிற இடம் டீச்சர் அது. எவரெஸ்ட் கிளப்பில் ஊரோடு இருந்த அத்தனை பேரும் வந்துவிட்டார்கள், தொப்பையும் வழுக்கையுமாக. இடம் பத்தாமல் நாலு பேர் நீர்வீழ்ச்சி வரைந்த திரைக்கு முன்னால் நின்றார்கள், குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. வெயிலுமுத்து முன் நாற்காலியில். நான் பின்னால். அவன் வழுக்கையைத் தாண்டித்தான் எனக்கு டி.வி. தெரிந்தது. திரும்பி ஒரு பெட்டி வரைந்தான். நான் விரலைத் தூக்கினேன். தங்கராஜ் போட்டான்.

முதலில் பந்தி. எவரோ அப்பளம் கேட்கிறார். அப்புறம் மண்டபம், வாசலில் வாழைமரம், குழாய் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் காதைக் கிழிக்கிறது. முன்னால் எங்கள் மேட்ச். ஒருத்தன் பந்தைத் தட்டிவிட்டு ஓடுகிறான், முடி காற்றில் பறக்கிறது.

"யாருல இந்த ஹீரோ?" என்றான் வெயிலுமுத்து. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

"நீதாம்ல," என்றார்கள்.

அவன் வாய் பிளந்து பார்த்தான். ஒரு ரன். திரும்புகிறான். பந்து வருகிறது. கீப்பர் கையைக் கொண்டுபோகிறான். இவன் பாய்கிறான், பேட்டு தரையைத் தொடப் போகிறது...

ரெண்டு பக்கமிருந்தும் ரெண்டு சிவப்பு ஹார்ட்டு பறந்து வந்து ஸ்டம்புக்கு மேல் ஒட்டிக்கொண்டது டீச்சர். உள்ளே பொண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கிறார்கள். மேலேயிருந்து ரோஜா இதழ் கொட்டுகிறது. ஹார்ட்டு பிரிந்தபோது பேட்டு உள்ளே கிடக்கிறது, ஸ்டம்பும் கீழே கிடக்கிறது. எது முதலில் என்று யாருக்குத் தெரியும்?

"நிறுத்துல. பின்னால போ," என்றார்கள். போனான். மறுபடி ஓட்டம், மறுபடி ஹார்ட்டு. மெதுவாகப் போடச் சொன்னார்கள். மெதுவாக ஓடினான், மெதுவாக ஹார்ட்டு வந்தது, ஒவ்வொரு ரோஜா இதழாக விழுந்தது.

"அந்த ஹார்ட்ட எடுல," என்றான் வெயிலுமுத்து.

"அது ஒட்டுனது ஒட்டுனதுதாண்ணே," என்றான் தங்கராஜ். "அப்பதான் மிக்ஸிங் மெஷின் புதுசா வாங்கியிருந்தேன். இந்த எஃபெக்ட்டு அன்னைக்கு மதுரைக்குத் தெக்க வேற எவன்கிட்டயும் கிடையாது." சொல்லும்போது அவனுக்கு என்ன பெருமை.

ஹார்ட்டு வந்து நின்றால் என்ன செய்வது என்று கோமதியின் ஒப்பந்தத்தில் இல்லை. வெயிலுமுத்து எழுந்தான். "அப்ப முடிவு இல்ல. நான் வாரேன்," என்று செருப்பைத் தேடினான். கோமதி கதவுக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் வடிவு வாயைத் திறந்தாள். "ஹார்ட்ட விடுங்கப்பா. ஹார்ட்டுக்கு வலது பக்கம் பாருங்க. இந்த மனுசன் எங்க பாத்துட்டு நிக்காரு?"

தங்கராஜ் மறுபடி போட்டான். ஹார்ட்டுக்கு வலது பக்கம் நான் நிற்கிறேன். முகம் தெரியவில்லை. முதுகுதான் தெரிகிறது. ஆட்டம் இந்தப் பக்கம் நடக்கிறது, நான் அந்தப் பக்கம் மண்டபத்துச் சுவரைப் பார்த்து நிற்கிறேன். சுவர் மேல் ஒரு குழந்தை, வடிவு இடுப்பைப் பிடித்திருக்கிறாள். குழந்தை கையில் வெறும் குச்சி. சேமியா ஐஸ் கீழே விழுந்து கிடக்கிறது. வாயை இத்தனை அகலம் திறந்து அழுகிறது. ஹார்ட்டு ஒட்டுகிறது, பிரிகிறது, எல்லாரும் கத்துகிறார்கள். நான் திரும்பாமலே விரலைத் தூக்குகிறேன்.

ஸ்டுடியோவே ஆடிப்போச்சு. சிரித்த சிரிப்பில் நீர்வீழ்ச்சித் திரை கழன்று நாலு பேர் தலையில் விழுந்தது. "அண்ணாச்சி முதுகுலயும் கண்ணு வச்சிருக்காரு" என்கிறான் ஒருத்தன். நான் விடவில்லை. "ஏல, நான் பாக்கணும்னு அவசியமே இல்ல. காதுல கேட்டேன். ஸ்டம்பு சத்தம் முதல்ல, பேட்டு உரசின சத்தம் ரெண்டாவது," என்றேன். டி.வி.யில் நாதஸ்வரம் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. அதற்கும் சிரித்தார்கள். ஏன் என்று தெரியவில்லை.

வெயிலுமுத்து மட்டும் சிரிக்கவில்லை. டி.வி. பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"இது கோமதியா?"

"பின்ன யாரு," என்றாள் வடிவு.

"அந்த ஐஸ் நான் வாங்கிக் குடுத்தது. பேட் பிடிக்கப் போறதுக்கு முன்னாடி." தங்கராஜிடம் திரும்பினான். "தம்பி, இன்னொருக்க போடு."

இந்தத் தடவை அவன் ஓடுகிற ஹீரோவைப் பார்க்கவில்லை. அழுகிற குழந்தையைத்தான் பார்த்தான். முடிந்ததும் நிமிர்ந்து, கதவோரம் நின்ற கோமதியைப் பார்த்தான். இவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, வாய் மட்டும் அந்த அகலத்துக்குத் திறக்கவில்லை. அவன் என் பக்கம் திரும்பிப் பெட்டி வரைந்தான். வழக்கம்போல நான் விரலைத் தூக்கப் போனேன். அதற்குள் அவனே தூக்கிவிட்டான். தன் விரலை. என்னைப் பார்த்து இல்லை, கோமதியைப் பார்த்து.

"அவுட்டு," என்றான். "எல்லாரும் எந்திரிச்சுப் போங்கல, பிள்ளைக்கு மாலை சொல்லணும்."

பார்த்தீங்களா டீச்சர். பத்தொன்பது வருஷம் கழித்து அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டான். நான் அன்றைக்கே சொன்னேன். இந்தத் திருப்பிப் போட்டுப் பார்க்கிற சமாச்சாரத்தை நான் குறைவாக நினைத்ததுதான் பிசகு, அம்பயர் சொன்னது சரி என்று காட்டுவதற்கு அது நல்ல சாதனம். இதை வடிவிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். எதற்கு என்று இன்றுவரை சொல்லவில்லை.

கல்யாணத்தன்று வந்தான் பாருங்க. பட்டு வேட்டி, ஆள் உயர மாலை, முன்னால் தட்டு தட்டாகச் சீர். தட்டுப் பிடித்திருந்ததால் பெட்டி வரைய முடியாமல் தாடையாலேயே வரைந்தான். கோமதிக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மேளத்தோடு கூட்டிக்கொண்டு வந்தான். மணவறைக்கு முன்னால் ஒரு கோலம், அதற்குக் காவி பூசி ஒரு கோடு. கோட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டான். மேளக்காரர் பார்க்கிறார், ஐயர் பார்க்கிறார், ராஜபாளையத்துச் சம்பந்தி பார்க்கிறார். இவன் வலது காலை மெதுவாக நீட்டிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அத்தான், நல்லா பாத்துச் சொல்லுங்க. உள்ளயா, வெளியவா?"

ஹோமப் புகை டீச்சர். கண்ணெல்லாம் எரிகிறது, ஒன்றும் தெரியவில்லை. மேளம் வேறு. விரலைத் தூக்கலாம் என்றுதான் நினைத்தேன். எந்தக் கை என்று தெரியாமல் ரெண்டு கையும் விரிந்துவிட்டது. அவனும் ஓடி வந்து நடுவில் விழுந்தான். பின் வரிசையில் இருந்த எவரெஸ்ட் கிளப் மொத்தமும், "வைடு" என்று கத்தியது.

நான் கொடுத்தது வைடுதான். அத்தானும் மச்சினனும் கட்டிப் பிடித்து அழுதார்கள் என்று ஊரில் சொல்வார்கள், நம்பாதீங்க. வேண்டுமென்றால் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்க்கலாம். அந்த இடத்தில் தங்கராஜ் என்ன வைத்திருக்கிறான் தெரியுமா? அதே ரெண்டு ஹார்ட்டு. ஆகையால் அம்பயர் சொல்வதுதான் தீர்ப்பு.

அந்தா, லைன்மேன் இறங்கிட்டான். கரண்ட் வந்துருச்சு. டப்பாவைக் கொடுங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மிளகாய் நெடி ஏறும். இது முடிந்ததும் அந்த மூலையில் இருக்கிற அரிசி, அது வெயிலுமுத்து வீட்டு அரிசி, கழுகுமலைக்கெல்லாம் இப்போது போகிறதில்லை.

என்ன? என்ன கேட்கிறீங்க? வாய் அசைவதுதான் தெரியுது. சத்தமாகச் சொல்லுங்க டீச்சர், மெஷின் ஓடும்போது எனக்கு ஒன்றுமே கேட்காது.